வரைந்தவரும் செய்தவரும்

டெனிஷ் கதிரைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றை வரைந்தவரின் பெயரைத்தான் சொல்வார்கள். ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல், பொர்கே மொகென்சன், கோரே கிளிண்ட். பழைய கதிரை ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி இருக்கைச் சட்டத்தின் உட்பக்கத்தைப் பார்த்தால், அங்கே சூட்டுக்கோலால் பதித்த வேறொரு பெயர் இருக்கும். யொஹானஸ் ஹான்சன், நீல்ஸ் வொட்டர், ரூட் ராஸ்முசன். இவர்கள் தச்சுப் பட்டறைக்காரர். வெக்னருக்கு ஹான்சன், யூலுக்கு வொட்டர், கிளிண்டுக்கு ராஸ்முசன் என்று ஒவ்வொரு வரைகிறவருக்கும் ஒரு செய்கிறவர் இருந்தார். டென்மார்க்கின் தளபாடம் உலகப் புகழ் பெற்ற கதையை நான் இந்தச் சோடிகளின் கதையாகவே பார்க்கிறேன். மரத்தில் கதிரையும் வாங்கும் செதுக்கி அவற்றைச் சிற்பமென்று காட்சிக்கு வைக்கும் என்னைப் போன்றவர்கள் இன்று இந்த நாட்டில் இருப்பதும் அந்தச் சோடிகளால்தான். அவை பிரிந்துபோனதால் உருவானவர்கள் நாங்கள். வடிவமைப்பாளன் ஒருவன் கலைஞனாக மாறினான் என்று என்னை அறிமுகப்படுத்துகிறபோதெல்லாம், அந்த மாற்றத்துக்குப் பின்னால் மூடிய பட்டறைகளின் நீண்ட வரிசை ஒன்று நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

1980-களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு அகதிகளாக வந்து சேர்ந்த இளைஞர்களில் நானும் ஒருவன். எங்களைச் சிறு நகரங்களில் பிரித்துக் குடியமர்த்தினார்கள். எனக்கு வாய்த்தது யூட்லாந்தின் மேற்குப் பகுதி. மொழிப் பள்ளி முடிந்ததும் பலர் மீன் தொழிற்சாலைக்கும் இறைச்சித் தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள். எனக்கு ஒரு தளபாடத் தொழிற்சாலையில் அரத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை கிடைத்தது.

மரம் எனக்குப் புதிதல்ல. ஊரில் பெரியப்பாவுக்கு மரக்காலை இருந்தது. கதவு நிலைக்கு முதிரை, கூரைக்குப் பனை, அலுமாரிக்கும் சாய்மனைக் கதிரைக்கும் தேக்கு என்று எந்த வேலைக்கு எந்த மரம் என்பது சிறுவயதிலேயே காதில் விழுந்து பழகியது. வேம்பின் மரத்தூளும் முதிரையின் மரத்தூளும் வேறு வேறாக மணக்கும். டென்மார்க்கில் முதல் நாள் பட்டறைக்குள் நுழைந்தபோது பீச் மரத்தூளுக்கு அநேகமாக மணமே இல்லை என்பதுதான் என் மனதில் பதிந்தது.

தேய்க்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு தச்சர். இளமையில் கொப்பன்ஹேகனின் கைத்தொழில் பட்டறை ஒன்றில் வேலை பழகியவர். முதல் வாரத்தில் நான் தேய்த்து முடித்த கைப்பிடியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"வெளிச்சத்தை நம்பாதே. காலையில் ஒன்று காட்டும், மாலையில் வேறொன்று காட்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டு."

"கைக்கு என்ன தெரியும்?"

"இந்தக் கதிரையில் இருக்கப்போகிறவனுக்குக் கைதான் தெரியும். அவன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டா இருக்கப்போகிறான்?"

மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் பிடிக்க முடியாத அளவிலும் உள்ளங்கை பிடித்துவிடும். இன்றும் என் சிற்பத் தளபாடங்களின் இறுதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையே என்னைத் தொழிற்பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. தளபாடத் தச்சருக்கான பயிற்சி இங்கே ஏறக்குறைய நான்கு ஆண்டு. சில மாதம் பட்டறை, சில வாரம் பள்ளி என்று மாறி மாறி நடக்கும். முடிவில் ஒரு பரீட்சைப் பொருளைக் குறித்த காலத்துக்குள் தனியாகச் செய்து கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மூத்த தச்சர்கள் லாச்சியை இழுத்துப் பார்ப்பார்கள், மூட்டின் இடைவெளியை அளப்பார்கள், பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் முன்பக்கத்தைப் போலவே கவனமாகப் பார்ப்பார்கள். மிகச் சிறந்த வேலைக்குப் பதக்கமும் உண்டு. கொப்பன்ஹேகன் தச்சர் சங்கம் 1554-இல் தொடங்கியது என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மன்னர்கள் மாறி, கடற்படை போய், பேரரசு சுருங்கிய பிறகும் கழுந்தைத் துளைக்குள் இறுக்கும் விதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கம்தான் 1927-இல் ஒரு காரியம் செய்தது. தொழிற்சாலைகள் மலிவாகச் செய்து குவித்த தளபாடங்களுக்கு முன்னால் கைத்தச்சர்கள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் புதிய வடிவங்கள் வேண்டும் என்று கட்டடக்கலைஞர்களை அழைத்துத் தச்சர்களோடு சோடி சேர்த்து ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. 1966 வரை அது நடந்தது. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் டெனிஷ் கதிரைகளில் பல, வாடிக்கையாளர் எவரும் கேட்காமல் அந்தக் கண்காட்சிக்கென்றே செய்யப்பட்டவை.

ஃபின் யூலின் 'தலைவர் கதிரை'யை நான் முதன்முதலாகப் பார்த்தது கொப்பன்ஹேகன் பிரெட்கேட் வீதியில் உள்ள வடிவமைப்பு அருங்காட்சியகத்தில். பழைய மருத்துவமனைக் கட்டடம் அது. அகன்ற தோல் இருக்கை, சேணத்தைப் போல் வளைந்த கைதாங்கிகள், மேலே செல்லச் செல்ல மெலிந்து முனையில் உருண்டு முடியும் பின்கால்கள். இருக்கையும் முதுகும் மரச்சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் மிதக்கின்றன. தாங்குவதும் தாங்கப்படுவதும் வேறு வேறாகத் தெரிய வேண்டும் என்பது யூலின் கொள்கை. 1949-ஆம் ஆண்டுக் கண்காட்சியின் தொடக்கத்தில் மன்னர் ஒன்பதாம் ஃப்ரெடரிக் அதில் அமர்ந்து பார்த்தாராம். இதற்கு 'மன்னர் கதிரை' என்று பெயர் வைக்கலாமே என்று கேட்டதற்கு யூல், 'தலைவர் கதிரை' போதும் என்று சொன்னதாகக் கதை.

யூல் கட்டடக்கலைஞர். தச்சு பழகாதவர். ஹான்ஸ் ஆர்ப் போன்ற சிற்பிகளின் வேலையில் மனதைப் பறிகொடுத்தவர். எரிக் தொம்மசன் என்ற டெனிஷ் மரச்சிற்பியின் உருவங்களைத் தன் கதிரைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்சிப்படுத்தியவர். ஓர்டரப்பில் 1942-இல் தனக்கென்று அவர் கட்டிய வீடு இப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே போனால் அவருக்குக் கதிரையும் சிற்பமும் ஒரே கூடத்தின் உறுப்பினர்கள் என்பது விளங்கும். 1940-இல் அவர் செய்துகாட்டிய 'பெலிக்கன்' கதிரையைக் களைத்துப்போன வால்ரஸுக்கு ஒப்பிட்டு ஒரு விமர்சகர் எழுதினார். அப்படிப்பட்ட வடிவங்களைத் தன் செலவில், தன் பெயரில், ஆண்டுக்கு ஆண்டு செய்து கண்காட்சியில் வைத்தவர் நீல்ஸ் வொட்டர். 1937-இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

தச்சுப் பழகியவன் அந்தக் கதிரையைப் பார்க்கும்போது முதலில் வருவது பயம். வளைந்த உறுப்பு ஒன்றை நேர்ப் பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் வளைவின் முனைகளில் நார் குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் மரத்துக்குப் பலம் இல்லை. ஒரு நாள் யாராவது கையை ஊன்றி எழும்பும்போது முறியும். ஆகவே பலகைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நார் தானாகவே வளைந்து ஓடும் துண்டைத் தேட வேண்டும். அல்லது உறுப்பை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, முறியக்கூடிய இடத்துக்குச் சற்று அப்பால் மூட்டை வைக்க வேண்டும். யூலின் கோடுகளை மரம் தாங்கும்படி ஆக்கியது வொட்டரின் பட்டறையில் நடந்த இந்தத் தேடல்தான். காகிதத்தில் கோடு ஓடுகிறது. மரத்தில் நார் ஓடுகிறது. இரண்டையும் ஒரே திசையில் ஓடவைப்பதுதான் எங்கள் தொழில்.

வெக்னரின் விஷயம் வேறு. தூண்டர் என்ற எல்லையோர ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன். பதினான்கு வயதில் தச்சுப் பட்டறைக்குப் போனவர். அவர் வரைந்தபோதே கை மரத்தை அறிந்திருந்தது. 1949-இல் அதே கண்காட்சிக்கு அவரும் யொஹானஸ் ஹான்சனும் கொண்டுவந்த வட்டக் கதிரையின் முதுகும் கையும் சேர்ந்த வளைவு மூன்று துண்டுகளால் ஆனது. முதலில் அந்த மூட்டுகளை மறைக்கப் பிரம்பு சுற்றியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பிரம்பை எடுத்துவிட்டு, இரு கைவிரல்களைக் கோர்த்ததுபோன்ற மூட்டைச் செய்து அதைத் திறந்தே விட்டார்கள். மறைக்க வேண்டியதாக நினைத்ததே அலங்காரமாயிற்று. 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது மேடையில் இருந்தது அந்தக் கதிரைதான். நான் மாணவர்களுக்குச் சிற்பத் தளபாடம் பற்றிச் சொல்லும்போது 'தலைவர் கதிரை'யைவிட இந்த மூட்டையே காட்டுவேன். வடிவம் எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

பயிற்சி முடித்துச் சில ஆண்டு தச்சனாக வேலை செய்தபின் வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தேன். 1990-களின் நடுவிலிருந்து நிறுவனங்களுக்குத் தளபாடம் வரைந்து கொடுப்பது என் தொழிலானது. வெளியே இருப்பவர்கள் இந்த வேலையை அழகு பற்றிய வேலை என்று நினைக்கிறார்கள். கூட்டத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தக் காலைக் கடைய எத்தனை நிமிடம் என்பது. இரண்டாவது கேள்வி, கழற்றினால் எவ்வளவு சிறிய பெட்டிக்குள் அடங்கும் என்பது. கதிரை ஒன்று சுமந்து செல்வது பெரும்பாலும் காற்றைத்தான். கொள்கலத்தில் காற்றுக்கும் கூலி உண்டு. எனவே கால் கழன்றுவர வேண்டும். கால் கழன்றுவர வேண்டுமானால் கழுந்து போய்த் திருகாணி வரும். திருகாணி வந்தால் அந்த இடத்தில் மரம் தடிக்க வேண்டும். மரம் தடித்தால் கோடு மாறிவிடும். வரைந்தவருக்குக் கிடைப்பது மொத்த விலையில் ஒற்றை இலக்கச் சதவீதம். இவற்றுக்குள் நின்று நல்ல கதிரை செய்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். மொகென்சன் 1947-இல் கூட்டுறவுச் சங்கத்துக்காக வரைந்த ஜே39 சாதாரண வீடுகளுக்கான மலிவான சாப்பாட்டு மேசைக் கதிரை. இன்றும் அதில் குறைக்க எதுவும் இல்லை.

ஆனால் நான் வரையத் தொடங்கிய காலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பெர்லின் சுவர் விழுந்தபின் செய்யும் வேலை போலந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும், பிறகு ஆசியாவுக்கும் நகர்ந்தது. யூட்லாந்தின் தளபாட ஊர்களில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வெக்னரின் வட்டக் கதிரையைச் செய்துவந்த யொஹானஸ் ஹான்சன் பட்டறையே 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோய், அந்தக் கதிரை ஆலரேடில் உள்ள பிபி மோப்லர் என்ற பட்டறையின் கைக்குப் போனது. கிளிண்டின் கதிரைகளைச் செய்த ரூட் ராஸ்முசனை 2011-இல் கார்ல் ஹான்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. நான் வரைந்த மாதிரிகள் லொறியில் வந்து இறங்கும். அளவு சரியாக இருக்கும். மூட்டு சரியாக இருக்கும். அதைச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கைதாங்கியின் கீழ்ப்பக்கத்தை இன்னும் இரண்டு மில்லிமீற்றர் குடைந்தால் விரல் நன்றாகப் பிடிக்குமே என்று எதிரில் நின்று சொல்ல ஆள் இல்லை. வெக்னரும் ஹான்சனும், யூலும் வொட்டரும் பேசிக்கொண்ட பேச்சு அந்த இடத்தில் அறுந்துபோயிருந்தது. அதைத் திரும்பத் தொடங்க வேண்டுமானால் நானே வரைந்து நானே செய்வதைத் தவிர வழி தெரியவில்லை.

1999 டிசம்பர் 3-ஆம் தேதி பெரும் புயல் ஒன்று டென்மார்க்கைக் கடந்து போனது. இந்நாட்டின் நினைவில் மிகக் கடுமையான புயல்களில் ஒன்று. காடுகள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. மரவிலை விழுந்தது. சந்தைக்கு ஏற்ற நேரான மரங்களை வாங்கவே ஆள் போதவில்லை. முறுக்கிய அடிமரம், கவைத்த கொப்பு, வேரோடு பெயர்ந்த பீச் இவற்றையெல்லாம் அடுப்புக்குத்தான் அறுத்தார்கள். எங்கள் ஊருக்கு அருகில் தோட்டம் வைத்திருந்த ஒருவர், இழுத்துக்கொண்டு போகும் செலவு மட்டும் உன்னுடையது என்று சொல்லி எனக்கு இரண்டு பெரிய அடிமரங்களைத் தந்தார். ஒன்று பீச், ஒன்று ஓக். பலகையாக அறுத்தால் பாதி வீணாகும். முழுதாகவே வைத்துக்கொண்டு அதற்குள் ஒரு வாங்கு இருக்கிறதா என்று பார்த்தேன். கவைத்த இடத்தில் நார் இயல்பாகவே வளைந்து இரண்டு பக்கமும் போகிறது. யூலுக்காக வொட்டர் பலகைக் குவியலில் தேடிய அந்த வளைந்த நாரை மரமே வளர்த்து வைத்திருந்தது.

இப்படிச் செய்யும் பொருளை இரண்டாவது தடவை செய்ய முடியாது. அடுத்த கவை வேறுமாதிரி இருக்கும். அதனால் அது உற்பத்திப் பட்டியலில் சேராது, நிறுவனம் வாங்காது. அப்படித்தான் நான் கலைஞன் ஆனேன்.

பச்சை மரத்தில் வேலை செய்கிறவனின் முதல் கவலை வெடிப்பு. மரம் உலரும்போது சுற்றளவில் அதிகமும் ஆரத்தில் குறைவாகவும் சுருங்கும்; அந்த வித்தியாசம் எங்காவது வெளிவந்தாக வேண்டும். வைரத்தின் நடுத்தண்டை விட்டுவைத்தால் அங்கிருந்து நட்சத்திரமாகப் பிளக்கும். ஆகவே வடிவத்தை முதலில் சங்கிலிவாளால் பருமட்டாக எடுத்து, நடுத்தண்டு விழும் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அடிப்பக்கமிருந்து உள்ளே குடைவேன். எல்லா இடத்திலும் ஒரே கனம் இருந்தால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் உலரும். முனைகளுக்கு மெழுகு பூசுவேன், அங்கேதான் ஈரம் ஓடித் தப்பும். பிறகு சூடாக்காத கொட்டில், அடுத்த ஆண்டு பட்டறை, கடைசியில் வீட்டுக்குள். இடையிடையே தராசில் வைத்து நிறையைக் குறித்துக்கொள்வேன். நிறை குறைவது நின்றால்தான் அடுத்த வேலை. குளிர்காலத்தில் சூடாக்கிய டெனிஷ் வீட்டின் காற்று மிகவும் வறண்டது. மரத்தில் ஈரம் எட்டுச் சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் விற்றால் அது வாங்கியவரின் கூடத்தில் நடுச்சாமத்தில் வெடிக்கும்.

உலர்ந்தபின் வாய்ச்சியும் குழியுளியும். ஊரில் ஆசாரியார் உத்தரத்தைச் சீவிய அதே வகை வாய்ச்சியை இங்கே கதிரையின் இருக்கையைக் குடையப் பயன்படுத்துகிறார்கள். அதன்பின் அரம், சுரண்டுதகடு, அரத்தாள். பீச்சுக்கும் ஓக்குக்கும் கடைசியில் சவர்க்காரம். வெள்ளைச் சவர்க்காரச் சீவல்களைச் சுடுதண்ணீரில் கரைத்துத் துணியால் பூசுவது இங்கத்திய பழைய முறை. வார்னிஷ் போட்டால் கைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தோல் வந்துவிடும். சவர்க்காரம் போட்ட மரம் வெளிறி, தொடத் தொட மென்மையாகும். அழுக்கானால் திரும்பவும் அதே சவர்க்காரத்தால் கழுவிக்கொள்ளலாம்.

கலையென்றால் என்ன, தளபாடமென்றால் என்ன என்று நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. நடைமுறையில் இந்தக் கேள்வியை முதலில் கேட்பது வரிக் கணக்கு. டென்மார்க்கில் கதிரை விற்றால் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம். சிற்பி தன் சிற்பத்தைத் தானே முதல்முறை விற்றால் விலையின் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டுமே அந்த வரி. அதாவது மொத்தத்தில் 5 சதவீதம். பயன்படு கலைக்கு இந்தச் சலுகை கிடையாது. என் வாங்கில் இருக்கலாம் என்று நான் சொன்னால் ஒரு வரி, இருக்க முடியாது என்று சொன்னால் வேறு வரி. சிலர் இருக்கையைக் கொஞ்சம் சரித்தும் உயரத்தைக் கூட்டியும் இருக்க முடியாதபடி செய்து காட்சிக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் கதிரை என்றே விற்கிறேன், 25 சதவீதம் கட்டுகிறேன். உடம்பின் பாரத்தைத் தாங்கும் பொறுப்பு போய்விட்டால் இந்த வடிவங்களுக்கு ஒழுங்கு போய்விடும். முதுகு எங்கே சாய வேண்டும், தொடைக்குக் கீழ் எவ்வளவு குழிய வேண்டும், எழும்பும்போது கை எங்கே ஊன்றும் என்பவை கோட்டுக்குக் காரணம் தருகின்றன. காரணமில்லாத வளைவை நீண்டநேரம் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

இருக்கக்கூடிய கதிரையே சிற்பமாகவும் நிற்கலாம் என்பதை டெனிஷ் வடிவமைப்பாளர்களான நாநா டிட்சலும் கிரேட்டே யால்க்கும் எனக்கு முன்பே செய்து காட்டியவர்கள். இருவரும் தச்சுப் பழகிய பெண்கள். யால்க் 1963-இல் ஒட்டுப்பலகையை மடித்துச் செய்த கதிரை இரண்டே துண்டு. காகிதத்தை மடித்து நிறுத்தியதா என்று தோன்றும். சில நூறு மட்டுமே செய்தார்கள். அவ்வளவு கூர்மையாக மடங்க ஒட்டுப்பலகை லேசில் சம்மதிக்காது. பல ஆண்டு அது மறக்கப்பட்டே கிடந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

கணினி வந்ததும் பயந்தவர்களில் நான் ஒருவன் அல்லன். அடுக்கிச் செதுக்கும் முறை கணினிக்கு முந்தியது. அமெரிக்காவில் வெண்டல் காசல் 1960-களிலேயே பலகைகளை அடுக்கி ஒட்டி, அந்தப் பாளத்தைச் சிற்பமாகச் செதுக்கித் தளபாடம் செய்தார். அவரும் தொழில்துறை வடிவமைப்பும் சிற்பமும் படித்தவர்தான். கொப்பன்ஹேகனில் பிறந்த மத்தியாஸ் பெங்ட்சன் 1999-இல் தன் 'ஸ்லைஸ்' கதிரையை லேசர் வெட்டிய மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தார். அதன் உடல் முழுவதும் அடுக்குக் கோடுகள். கடல் அரித்த பாறை மாதிரி ஒரு வடிவம். அடுக்குகளை அவர் மறைக்கவில்லை, வெக்னர் மூட்டை மறைக்காததுபோலவே. பிபி மோப்லரிலும் கணினி இயந்திரம்தான் முதல் வெட்டை வெட்டுகிறது. கடைசி வேலை கைக்கு வருகிறது. இயந்திரத்தால் கெட்ட கதிரைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. அவசரத்தால் கெட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய சோடிகளைத் திரும்பச் சேர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 1981-இலிருந்து தச்சர்களின் இலையுதிர்காலக் கண்காட்சி ஆண்டுதோறும் நடந்துவருகிறது. வரைகிறவர் ஒருவர், செய்கிறவர் ஒருவர். எல்லோருக்கும் பொதுவான ஒரு கருப்பொருள். வாடிக்கையாளர் இல்லை, ஆணை இல்லை. 1927-ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். நான் அங்கே சில தடவை வரைகிறவனாகவும் சில தடவை செய்கிறவனாகவும் போயிருக்கிறேன். இரண்டாவதே எனக்கு அதிகம் கற்பித்தது. இன்னொருவரின் கோட்டை மரத்தில் பின்தொடரும்போது, நானாக இருந்தால் ஒருபோதும் துணிய மாட்டேன் என்ற இடத்துக்கு மரம் போகும்.

என் பட்டறையில் இப்போது ஓர் இளம் தச்சப் பெண் வேலை செய்கிறார். பொருட்களின் அடியில் என் பெயரோடு அவருடைய பெயரையும் சூட்டுக்கோலால் பதிக்கிறோம். ஒரு காட்சிக்கூடத்தில், இரண்டு பெயர் இருந்தால் வாங்குகிறவர்கள் குழம்புவார்கள், விலை குறையும் என்றார்கள். அந்தப் பொருளை அங்கிருந்து எடுத்துவந்து வேறிடத்தில் விற்றோம். கலை உலகம் ஒரே ஒரு பெயரை விரும்புகிறது. அது எங்கள் தொழிலின் உண்மை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி போயிருந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்ப்பதற்காகவே போனது. 1930-களின் இறுதியில் அந்தக் கட்டட வேலையை மேற்பார்த்தவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜோர்ஜ் நகஷிமா. கட்டடக்கலைஞராக வந்தவர், அங்கே தங்கும் சாதகர்களுக்காகத் தேக்கில் எளிய தளபாடங்களை வடிவமைத்தார்; தளபாடத்தில் அவர் கைவைத்தது அங்கேதான். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் கொடுத்தார். பின்னாளில் அமெரிக்காவில் அடிமரத்தின் ஓரத்தை அப்படியே விட்டு, வெடிப்புக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பை இறக்கி அவர் செய்த மேசைகள் உலகெங்கும் பரவின. என் ஓக் வாங்குகளில் வெடிப்பு வரும்போது நானும் அதே ஆப்பைத்தான் இறக்குகிறேன். அது எங்கள் கடற்கரையில் தொடங்கிய ஒரு கைவாழ்க்கையிலிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அந்தக் கடற்கரைக்கு இன்னும் பழைய கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் தச்சர்கள் ஐரோப்பியருக்காகக் கருங்காலியில் கதிரைகள் செய்தார்கள். முறுக்குக் கால்கள், முதுகு நிறையப் பூவும் கொடியும். நூறு ஆண்டு கழித்து இங்கிலாந்தின் ஹொரேஸ் வால்போல் அவற்றைத் தன் நாட்டின் டியூடர் காலத்துப் பழம்பொருள் என்று நம்பி ஆசையாகச் சேகரித்தார். செய்தவரின் பெயர் எதிலும் இல்லாததால், எந்த நாட்டில் செய்தது என்பதுகூடத் தொலைந்துபோயிருந்தது. அவற்றின் செதுக்கலை ஐரோப்பிய நகல் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருங்காலி உளியை மழுக்கும் மரம். அதில் அந்த அளவு மென்மையான கொடியை ஓடவிட்ட கை எதையும் நகலெடுத்துக்கொண்டு இருந்திருக்காது.

இங்கே ஹெர்னிங்கிலும் பிராண்டேயிலும் நம்மவர் கோயில்கள் இருக்கின்றன. திருவிழாவில் சந்திக்கும் பெற்றோர் சிலர், பிள்ளை தச்சு படிக்க ஆசைப்படுகிறான், என்ன செய்யலாம் என்று தயக்கத்தோடு கேட்பதுண்டு. வைத்தியர், பொறியியலாளர் என்று எண்ணி வளர்த்த பிள்ளை. வருமானம் எப்போதும் ஒரே மாதிரி வராது, தோளும் முழங்காலும் நோகும், ஆனால் கைக்கு வந்த வேலையை எவரும் பறிக்க முடியாது என்று உள்ளதைச் சொல்வேன். சிலர் பட்டறைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவனிடம் ஒரு கைப்பிடியைக் கொடுத்து, "கண்ணை மூடித் தடவிப் பாருங்கோ தம்பி, எங்கே பிழைக்குது?" என்று கேட்பேன். சரியாக விரலை வைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது பயிற்சியில் இருக்கிறார்கள்.

இப்போது எங்களைச் சூழ்ந்திருக்கும் பெரிய கவலை மரத்தைப் பற்றியது. ஆஷ் வெளிறிய, நீண்ட நாருள்ள மரம். நீராவியில் வளைக்க அதைப்போல் இன்னொன்று கிடையாது. வெக்னரின் எத்தனையோ கதிரைகள் அதில் செய்தவை. 2000-களின் தொடக்கத்தில் ஒரு பூஞ்சை நோய் இந்த நாட்டுக்குள் வந்தது. நுனியிலிருந்து கீழாக மரம் காய்ந்துகொண்டு வரும். நாட்டின் ஆஷ் மரங்களில் மிகப் பெரும்பாலானவை நோய்ப்பட்டுவிட்டன. சில காலம் பட்டறைகளுக்கு மலிவாக ஆஷ் வந்து குவிந்தது. பட்ட மரங்களை அறுத்துத் தள்ளினார்கள். நானும் வாங்கி அடுக்கினேன். அந்த அடுக்கு முடிந்தபின் இந்த அளவுப் பருமனில் உள்ளூர் ஆஷ் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

1807-இல் ஆங்கிலேயர் டெனிஷ் கடற்படையைப் பிடித்துக்கொண்டு போனபிறகு புதிய கப்பல்களுக்காக இந்நாட்டில் ஓக் காடுகள் நட்டார்கள். அவை முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன. இருநூறு ஆண்டு நின்ற அந்த ஓக்குகள் இன்று எங்களைப் போன்றவர்களின் கைக்கு வருகின்றன. ஆஷுக்கும் அப்படி ஒரு முன்யோசனை தொடங்கியிருக்கிறது. நோய்ப்பட்ட காட்டின் நடுவே பச்சையாக நிற்கும் சில மரங்களைக் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, அவற்றின் ஒட்டுக் கன்றுகளிலிருந்து விதைத் தோட்டம் வளர்க்கிறார்கள். மரங்களில் சிறு பங்குக்கே அந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ஆனால் அது விதையில் இறங்குகிறது. அந்தக் கன்றுகள் கதிரைக்கு ஆகும் பருமனுக்கு வர அறுபது எழுபது ஆண்டாவது வேண்டும். அதுவரை வளைவுக்கு என்ன செய்வது என்று பட்டறையில் பேசிக்கொண்டிருக்கிறோம். பீச்சை நீராவியில் வளைக்கலாம், ஆனால் ஈரம் மாறும்போது அது அதிகம் அசையும். ரொபினியா வலுவான மரம், நேராகக் கிடைப்பது அரிது. எங்களுக்கு நேராக வேண்டியதில்லை என்பதால் இந்த மாரிக்கு ஒரு ரொபினியா அடிமரத்தைக் கேட்டு வைத்திருக்கிறோம். குடைவதை என் பட்டறையின் அந்த இளம் தச்சரே தொடங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வரைபடமும் இம்முறை அவருடையது.